மாநகரத்தில் மகிழ்ந்திருப்பது எப்படி? (கடலூர், சிதம்பரம் பதிப்பு)

கடலூரை 2021இல் மாநகராட்சி ஆக்கிவிட்டார்கள். அறிவிப்பு வந்த மறுநாளும் மஞ்சக்குப்பத்தில் மாடுகள் அதே இடத்தில்தான் படுத்திருந்தன என்று சொல்லி இதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. மாநகரம் என்றால் அதற்கென்று ஒரு பொறுப்பு வந்துவிடுகிறது. அங்கே குடியிருப்பவர் வாழ்க்கையை அனுபவிக்கத் தெரிந்தவராக இருந்தாக வேண்டும். சென்னைக்காரர்களுக்கு இதைக் கற்றுக்கொடுக்க ஞாயிற்றுக்கிழமை இணைப்புகள் இருக்கின்றன. டிசம்பரில் எந்த சபா கேன்டீனில் எது சாப்பிடலாம், கோடையில் எந்த மாலில் ஏசி நன்றாக இருக்கும் என்று புட்டுப் புட்டு வைக்கிறார்கள். நமக்கு எழுத ஆளில்லை. அந்தக் குறையைத் தீர்க்கவே இந்த வழிகாட்டி.

சிதம்பரம் இன்னும் நகராட்சிதானே, அதை எதற்குச் சேர்த்தீர்கள் என்று சிலர் கேட்கக்கூடும். இரண்டு ஊரையும் பிரிக்க முடியாது. கலெக்டர் கடலூரில் இருக்கிறார், நடராஜர் சிதம்பரத்தில் இருக்கிறார். மனு எதுவானாலும் இந்த இருவரில் ஒருவரிடம்தான் போக வேண்டும். அது போதாதென்று, கடலூர் மாவட்டத்துக்கான அரசு மருத்துவக் கல்லூரியும் சிதம்பரத்தை ஒட்டிய அண்ணாமலை நகரில் இருக்கிறது. ஆகவே கடலூர்க்காரருக்குக் கடுமையாக உடம்பு சரியில்லை என்றாலும் சிதம்பரம் பஸ்தான்.

ஆரம்பத்திலேயே ஓர் அடிப்படைப் பாடம். மற்ற மாநகரங்களில் விழாவைத் தேடி ஜனங்கள் போகிறார்கள், வரிசையில் நின்று டிக்கெட் வாங்குகிறார்கள். இங்கே விழா நம்மைத் தேடி வரும். வந்து, நாம் அவசரமாகப் போகிற வழியில் குறுக்கே நிற்கும். பேப்பரில் ‘இன்று போக்குவரத்து மாற்றம்’ என்று மூலையில் நாலு வரி வந்தால் அதுதான் அழைப்பிதழ். எந்தப் பக்கம் சுற்றிக்கொண்டு போகலாம் என்று காவல்துறை அதிலேயே அக்கறையோடு சொல்லியிருக்கும். அந்த மாற்று வழியில் போகாமல் இருப்பதில்தான் கடலூர் மாவட்டத்து இன்பம் அத்தனையும் அடங்கியிருக்கிறது.

எங்கே இறங்குவது

அனுபவிப்பதற்கு முன் ஊருக்குள் வந்து சேர வேண்டும். கடலூருக்கு டிக்கெட் கேட்டால் கண்டக்டர் “ஓ.டி.யா, என்.டி.யா?” என்பார். ஓ.டி. என்றால் முதுநகர், துறைமுகம் இருக்கிற பழைய ஊர். என்.டி. என்றால் புதுநகர். பஸ் ஸ்டாண்டு திருப்பாதிரிப்புலியூரில், ஆபீஸ்கள் மஞ்சக்குப்பத்தில். ரயிலில் வருகிறவர்கள் ‘கடலூர்’ என்ற எழுத்தைப் பார்த்ததும் பெட்டியோடு குதித்துவிடுகிறார்கள். அது கடலூர் துறைமுகம் சந்திப்பு. ஊர் என்று அவர்கள் மனதில் வைத்திருப்பது திருப்பாதிரிப்புலியூர் நிலையத்தில் இருக்கிறது. துறைமுகத்தில் இறங்கிவிட்டவர்கள் ஆட்டோக்காரரிடம் வாதாடாமல் கேட்டதைக் கொடுத்துவிடுவது நல்லது. அதை மாநகர நுழைவு வரி என்று வைத்துக்கொள்ளலாம்.

வந்த விருந்தாளி சரித்திரம் பிடித்தவராக இருந்தால் செயின்ட் டேவிட் கோட்டையைக் காட்டச் சொல்வார். 1690இல் கிழக்கிந்தியக் கம்பெனி அதை மராத்தியரிடமிருந்து விலைக்கு வாங்கியது. கோட்டையோடு சேர்த்து எவ்வளவு நிலம் என்பதற்கு ஓர் அளவு பேசிக்கொண்டார்கள். கோட்டையிலிருந்து பீரங்கியைச் சுட்டால் குண்டு போய் விழுகிற தூரம் வரைக்கும் கம்பெனிக்கு. கம்பெனிக்காரன் சும்மா இருப்பானா? இருப்பதிலேயே நல்ல பீரங்கியாகப் பார்த்துக் கொண்டுவந்து நாலா பக்கமும் சுட்டான். அப்படி உள்ளே வந்த ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பேர். இன்றைக்கு ‘பஸ் ஸ்டாண்டிலிருந்து பத்தே நிமிடம்’ என்று மனை விற்கிறவர்கள் தூரத்தை எப்படி அளக்கிறார்கள் என்பது இதைப் படித்த பிறகுதான் விளங்கும். கோட்டையை 1758இல் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்து இடித்துத் தள்ளிவிட்டார்கள். ஆகவே விருந்தாளி கேட்டால் தேவனாம்பட்டினத்தில் கெடிலம் பக்கமாகக் கையை நீட்டிவிட்டு, “கிளைவ் இங்கேதான் கவர்னரா இருந்தான்” என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடவும்.

தேரும் அதில் சிக்கிக்கொள்வதும்

வருஷம் சித்திரையில் பிறப்பதாகப் பஞ்சாங்கம் சொல்கிறது. அனுபவிக்க நினைப்பவர்கள் மார்கழியில் தொடங்கவும். ஆருத்ரா தரிசனத்துக்காகச் சிதம்பரத்தில் பத்து நாள் உற்சவம். ஒன்பதாம் நாள் தேர். மாவட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை விட்டு, பிற்பாடு ஒரு சனிக்கிழமையைப் பிடுங்கிக்கொள்வார்கள். அதைப் பற்றி இப்போது கவலைப்படக் கூடாது.

மற்றக் கோயில்களில் தேருக்கு உற்சவர் வருவார், மூலவர் இருந்த இடத்தை விட்டு அசைய மாட்டார். இங்கே சிற்சபையில் ஆடுகிற நடராஜரே எழுந்து வீதிக்கு வந்துவிடுகிறார். ஐந்து தேர்கள்: பிள்ளையார், முருகன், நடராஜர், சிவகாமசுந்தரி, சண்டிகேசுவரர். கீழ வீதியில் புறப்பட்டுத் தெற்கு வீதி, மேல வீதி, வடக்கு வீதி என்று சுற்றி மறுபடி நிலைக்கு வர வேண்டும்.

முதல் வேலை, இந்த நாலு வீதிகளில் ஒன்றில் மாடி வீடு உள்ள ஒருவரோடு நட்பு கொள்வது. இதைப் புரட்டாசியிலேயே தொடங்கிவிட வேண்டும். மார்கழியில் திடீரென்று போய் “உங்க பையன் இப்ப எங்க படிக்கிறான்?” என்று கேட்டால் அவருக்குப் புரிந்துவிடும். அவர் வீட்டு மாடியில் ஏற்கெனவே சம்பந்தி வீட்டார் பாய் விரித்திருப்பார்கள்.

மாடி கிடைக்காதவர்களுக்கு வீதி இருக்கிறது. சொல்லப்போனால் வீதிதான் உசத்தி. எல்லோரும் அண்ணாந்து தேரின் உச்சியைப் பார்த்துக்கொண்டு கைபேசியை நீட்டியிருக்கும்போது நீங்கள் குனிந்து சக்கரத்தைப் பாருங்கள். அங்கே முட்டுக்கட்டைக்காரர் இருப்பார். வடம் பிடிக்கிறவர்கள் ஆயிரம் பேர் இழுத்தாலும் தேர் எங்கே நிற்க வேண்டும், எந்தப் பக்கம் ஒதுங்க வேண்டும் என்பது அவர் கையில் உள்ள மரக்கட்டையில் இருக்கிறது. உருண்டுகொண்டிருக்கும் சக்கரத்தின் அடியில் கட்டையைக் கொடுத்துவிட்டுக் கையை இழுத்துக்கொள்ள அவருக்கு ஒரு நொடி கிடைக்கும். கட்டை முனகும், சக்கரம் அதன்மேல் கொஞ்சம் ஏறும், மரம் தேய்ந்து சூடான ஒரு வாசனை வரும், தேர் தலையை ஒருமுறை ஆட்டிவிட்டு நிற்கும். அவர் கட்டையை உருவித் தோளில் போட்டுக்கொண்டு அடுத்த பத்தடி நடப்பார். முகத்தில் ஒரு சலனம் இருக்காது. மூலையில் தேர் திரும்பும்போது பக்கத்தில் நின்று இதைப் பார்க்காதவர் தேர் பார்த்ததாகச் சொல்லிக்கொள்ள முடியாது என்பது என் தீர்ப்பு.

மேல வீதி முடிகிற கஞ்சித் தொட்டி முனையில் தேர் நிற்கும். மீனவர் சமூகத்தார் மண்டகப்படி செய்து பட்டுச் சார்த்துவார்கள். பார்வதி அவர்கள் குலத்துப் பெண். மாப்பிள்ளை வீட்டு வாசலுக்கு வரும்போது சீர் செய்யாமல் அனுப்ப முடியுமா? எவ்வளவு நேரம் நிற்கும் என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்கக் கூடாது. “ஏன், அவசரமா?” என்பார். அந்தக் கேள்விக்கு இதுவரை யாரும் உருப்படியான பதில் சொன்னதில்லை.

மறுநாள் விடியுமுன்னே ஆயிரங்கால் மண்டபத்தில் மகாபிஷேகம். பால், தயிர், தேன், இளநீர், சந்தனம், விபூதி என்று குடம் குடமாக. மத்தியானத்துக்கு மேல் தரிசனம். சுவாமியும் அம்பாளும் முன்னும் பின்னுமாக ஆடிக்கொண்டே சபைக்குத் திரும்புவார்கள். மத்தியானம் என்றால் எத்தனை மணி என்று கேட்பவர்கள் இந்த வழிகாட்டியை மூடிவைத்துவிட்டு ரயில்வே கால அட்டவணை படிக்கலாம்.

இதே விழா ஆனியில் திருமஞ்சனம் என்ற பெயரில் இன்னொரு முறை வரும். அதே பத்து நாள், அதே ஐந்து தேர், அதே கஞ்சித் தொட்டி. வித்தியாசம் வெயில் மட்டும்தான். மார்கழியில் விடியற்காலைக் குளிரில் தரை சில்லிடும். ஆனியில் தார் ரோட்டில் வெறுங்காலோடு நின்றால், ஆடுவது நடராஜர் மட்டும் அல்ல என்று தெரியும்.

சாப்பாட்டு விஷயம்

திருவாதிரை அன்று வீட்டுக்கு வீடு களி. அரிசியையும் பயத்தம்பருப்பையும் வறுத்து உடைத்து வெல்லம் போட்டுக் கிண்டி, ஏழு கறிக் கூட்டோடு சாப்பிட வேண்டும். திருவாதிரைக்கு ஒரு வாய்க் களி என்று பெரியவர்கள் அளந்துதான் சொல்லியிருக்கிறார்கள். அக்கம்பக்கத்து எட்டு வீட்டிலிருந்து ஆளுக்கொரு கிண்ணம் வந்தால் எட்டு வாய் ஆகிவிடுகிறது. எல்லாக் கிண்ணத்தையும் காலி செய்து, எல்லோரிடமும் “உங்க வீட்டுதுதான்” என்று சொல்வது நகரப் பண்பாடு.

கொத்சு பற்றி எச்சரிக்கையாகப் பேச வேண்டும். கத்திரிக்காய், புளி, வறுத்து அரைத்த மல்லி மிளகாய், நல்லெண்ணெய் தாராளமாக. கோயில் சம்பா சாதத்துக்குத் தோழன். வெளியூரில் இட்லிக்குக் கொஞ்சம் கெட்டியாக எதை ஊற்றினாலும் சிதம்பரம் கொத்சு என்று பலகை வைத்துவிடுகிறார்கள். சிதம்பரத்துக்கு வந்து எந்தக் கடையில் கொத்சு நன்றாக இருக்கும் என்று ஆட்டோ ஸ்டாண்டில் கேட்டுப் பாருங்கள். ஐந்து பேர் இருந்தால் ஆறு பதில் வரும். சண்டை முற்றுவதற்குள் நகர்ந்து, யாருடைய வீட்டிலாவது சாப்பிட்டுவிடவும்.

பொங்கல் முடிந்த பிறகு பொங்கல்

தமிழ்நாட்டின் மற்ற பகுதிகளில் காணும் பொங்கலோடு கரும்புச் சக்கையைப் பெருக்கிவிட்டு வேலைக்குப் போய்விடுகிறார்கள். தென்பெண்ணைக் கரையில் இருப்பவர்களுக்குத் தை ஐந்தாம் நாள் பாக்கி இருக்கிறது. ஆற்றுத் திருவிழா. திருவண்ணாமலைப் பக்கம் மணலூர்ப்பேட்டையில் தொடங்கி விழுப்புரம், கடலூர் வரைக்கும் ஆறு போகிற வழியெல்லாம் சுற்றுவட்டாரத்துச் சாமிகள் மேளத்தோடு ஆற்றில் இறங்குகின்றன. சென்னையில் இருந்து வந்திருக்கும் உறவினர் “லீவு முடிஞ்சுது” என்று பெட்டி கட்டினால் அவரைத் தடுக்க வேண்டாம். பஸ் ஆற்றுப் பாலத்தைத் தாண்டுவதற்குள் அவரே விழாவில் சேர்ந்துவிடுவார்.

ஆற்றில் தண்ணீர் இருக்குமா? அது அந்தந்த வருஷத்து ஜாதகம். இருந்தால் தீர்த்தவாரி ஓட்டத்தில், இல்லாவிட்டால் ஊற்றுத் தோண்டி. சாமிக்குத் தண்ணீர் கிடைத்த பிறகு மனிதர்களுக்குக் கடைத்தெரு. மணலில் வரிசையாகச் சாக்கு விரித்துச் சுருளிக் கிழங்கைக் குவித்திருப்பார்கள். விரல் நீளத்துக்குக் கோணலும் மாணலுமாக, மண்ணோடு இருக்கும். வருஷத்தில் மற்ற நாளெல்லாம் கண்ணில் படாத இந்தக் கிழங்கை இன்றைக்கு வாங்காமல் வீட்டுக்குப் போனால் வாசலிலேயே கேள்வி வரும். படி அளந்து போடும்போது பெரிதாகப் பார்த்துப் பொறுக்கக் கூடாது. சின்னதுதான் மாவாக வேகும் என்று கடைக்கார அம்மா சொல்வார். பெரிதை அள்ளிப் போடும் கடைக்கார அம்மா, பெரிதுதான் மாவாக வேகும் என்பார். இரண்டையும் நம்பவும்.

பிறகு ராட்டினம், பஞ்சு மிட்டாய், மைக்கில் “பச்சைச் சட்டை போட்ட பையன், பேர் சொல்லத் தெரியவில்லை, மேடைக்கு அருகில் அழுதுகொண்டிருக்கிறான்” என்ற அறிவிப்பு. சாயங்காலம் காலில் ஈர மணலோடு, கையில் கிழங்குப் பையோடு, பாலத்தின் மேல் நகராமல் நிற்கிற வண்டிகளுக்கு நடுவே வீடு திரும்பினால் விழா முறைப்படி முடிந்தது என்று அர்த்தம்.

தைப்பூசத்துக்கு வடலூர். சத்திய ஞானசபையில் ஏழு திரை விலக்கி ஜோதி காட்டுவார்கள். இங்கே வேடிக்கை செய்ய எனக்கு மனம் வரவில்லை. வள்ளலார் 1867இல் தருமசாலையில் மூட்டிய அடுப்பு இன்று வரை அணையவில்லை. பசியோடு போய்ப் பந்தியில் உட்காருங்கள், அவ்வளவுதான்.

மாசியில் கடலுக்குப் போகிறவர்கள்

மாசி மகத்தன்று தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சில் சாமிகளின் கூட்டம் மனிதர்களின் கூட்டத்தோடு போட்டி போடும். எந்தச் சாமி எந்த ஊர் என்று குடையை வைத்துக் கண்டுபிடிப்பதில் கிழவிகள் கெட்டிக்காரர்கள், அவர்கள் பக்கத்தில் நிற்கவும். சிதம்பரத்துக்காரர்கள் கிள்ளைக்குப் போவார்கள். ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து பூவராக சுவாமி அங்கே கடலாட வருகிறார். வழியில் முஸ்லிம் பெருமக்கள் தர்கா சார்பில் பட்டு கொடுத்து வரவேற்கிறார்கள். மத நல்லிணக்கம் என்று மேடை போட்டு யாரும் இதைத் தொடங்கி வைக்கவில்லை. பெருமாள் அந்த வழியாகப் போகிறார், வீட்டு வாசலுக்கு வருகிறவரைச் சும்மா அனுப்ப மாட்டார்கள். அவ்வளவு சாதாரணமாக நடக்கிறது.

சிவராத்திரிக்கு நாட்டியாஞ்சலி. 1981இல் தொடங்கியது. சில வருஷங்களாகக் கோயிலுக்குள் ஒன்று, வெளியே ஒன்று என்று இரண்டாக நடக்கிறது. ஏன் இரண்டு என்று கேட்டால் சிவராத்திரிக்கு மட்டுமல்ல, மறுநாள் இரவுக்கும் கண்விழிக்க வேண்டிவரும். கலை ரசிகர் என்று பெயர் எடுக்க விரும்புகிறவர் முதல் வரிசையில் உட்கார்ந்து தாளம் போடலாம். விஷயம் தெரிந்தவர் சன்னிதித் தெருவில் ஒரு டிபன் கடையில் இடம் பிடிப்பார். முழு அலங்காரத்தில், நெற்றிச் சுட்டியும் ஜடையுமாக, பாவாடை மடிப்பைத் தொடையில் ஏந்திக்கொண்டு, உதட்டுச் சாயம் கலையாமல் பெங்களூர்ப் பெண் ஒருத்தி இட்லியை அந்தரத்தில் பிடித்து வாயில் போட்டுக்கொள்வதைப் பார்க்கலாம். மேடையில் அவள் ஆடப்போவதைவிட அது கடினமான அடவு.

வெயில்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் கட்டிக் கிடக்கும். நாட்டுப்படகில் வருகிற கொஞ்சம் மீனுக்கு முதுநகரில் ஏலம் ஏறுகிற வேகத்தைப் பார்த்தால் தங்க மார்க்கெட் தோற்கும். இந்த 61 நாளும் சைவத்தின் பெருமையைப் பற்றிப் பேசுவது குடும்ப பட்ஜெட்டுக்கு நல்லது. பேசிக்கொண்டே கருவாட்டுப் பானையைத் திறக்கவும். ஏனென்றால் அதே சமயத்தில் பண்ருட்டியிலிருந்து பலா வந்திறங்குகிறது. கருவாடும் பலாக்கொட்டையும் சேர்ந்த குழம்புக்குத்தான் இயற்கை இந்த இரண்டு பருவத்தையும் ஒன்றாக வைத்தது என்று நான் சந்தேகப்படுகிறேன்.

பலா வாங்கும்போது பழத்தைத் தட்டிப் பார்க்க வேண்டும். தட்டினால் என்ன சத்தம் வர வேண்டும் என்று தெரியாவிட்டாலும் தட்ட வேண்டும். தட்டிவிட்டு லேசாக உதட்டைப் பிதுக்கினால் விலையில் இருபது ரூபாய் இறங்கும். அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் இந்தப் பக்கத்துப் பலாவையும் முந்திரியையும் தோப்புத் தோப்பாகச் சாய்த்துப் போட்டது. தாத்தா வைத்த மரம் போய், பேரன் வைத்த கன்று காய்க்கக் காத்திருந்த வீடுகள் அந்த ரோட்டோரத்தில் இருக்கின்றன.

சாயங்காலம் சில்வர் பீச். இது கிழக்குக் கடற்கரை, சூரியன் கடலிலிருந்து எழுகிற இடம். அதைப் பார்க்க விடியலில் மீனவர்களும் நடைப்பயிற்சிக்காரர்களும் மட்டும் இருப்பார்கள். மாநகரம் மொத்தமும் மாலையில் வந்து, அஸ்தமனத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து மிளகாய் பஜ்ஜி சாப்பிடும். கூட்டத்தோடு சேர்ந்துகொள்ளவும். தனியாகக் காலையில் போகிறவரை ஊர் ஒரு மாதிரியாகப் பார்க்கும்.

இலக்கிய ஈடுபாடு உள்ளவர்களுக்குச் சித்திரையில் ஒரு வசதி. ஜெயகாந்தன் 1934 ஏப்ரல் 24 அன்று மஞ்சக்குப்பத்தில் பிறந்தவர். புதுமைப்பித்தன் 1906 ஏப்ரல் 25 அன்று திருப்பாதிரிப்புலியூரில் பிறந்தவர். இரண்டு பேருக்கும் ஒரே பந்தல், ஒரே சால்வைக் கட்டு, அடுத்தடுத்த நாள் என்று சிக்கனமாக விழா எடுத்துவிடலாம். இரண்டு பேரும் பிறந்த ஊரில் தங்காமல் சென்னைக்குப் போய்த்தான் எழுத்தாளர் ஆனார்கள் என்பதைத் தலைமையுரையில் சொல்ல வேண்டாம்.

சோதனைச்சாவடி

அன்றாட வாழ்க்கையின் சிறு இன்பங்களில் ஆல்பேட்டைச் சோதனைச்சாவடிக்குத் தனி இடம் உண்டு. புதுச்சேரி பஸ் கடலூருக்குள் நுழைகிற இடம். புதுச்சேரியில் சரக்கு விலை குறைவு. பஸ் நிற்கும், போலீஸ்காரர் ஏறுவார், பைகளைப் பார்ப்பார். அந்த நிமிடம் பஸ்ஸில் உள்ள ஆண்கள் அத்தனை பேருக்கும் ஜன்னல் வழியாக இயற்கைக் காட்சியை ரசிக்க வேண்டும் என்று தோன்றிவிடும். உங்கள் பையில் வேட்டியும் துண்டும் மட்டும் இருந்தாலும் முகம் வெளிறும். அதைத் தவிர்க்க வழியில்லை. புதுச்சேரியிலிருந்து வருகிற வழியில் பிடிபட்ட மிகப் பெரிய மனிதர் பாரதியார். 1918 நவம்பர் 20 அன்று எல்லை தாண்டியதும் கைதாகி, டிசம்பர் 14 வரை கடலூர்ச் சிறையில் இருந்தார். அப்போது அரசாங்கத்துக்குப் பயம் பாட்டின்மேல், இப்போது பாட்டிலின்மேல்.

ஆடியில் ஏரி, அலையாத்தியில் எம்.ஜி.ஆர்.

ஆடிப்பெருக்குக்கு வீராணம் கரை. பொன்னியின் செல்வன் தொடங்குவது இந்த நாளில், இந்த ஏரிக்கரையில். குதிரையில்லாத வந்தியத்தேவர்கள் பைக்கில் வந்து படம் எடுத்துக்கொள்கிறார்கள். 2004 முதல் இந்த ஏரித் தண்ணீர் 200 கிலோமீட்டருக்கு மேல் குழாயில் போய்ச் சென்னையின் தாகம் தீர்க்கிறது. சென்னை உறவினர் “உங்க ஊர்த் தண்ணி ஒத்துக்கலை” என்று சொன்னால் இந்தத் தகவலை மரியாதையாக எடுத்துச் சொல்லவும்.

பிச்சாவரத்தில் துடுப்புப் படகு கேட்டு வாங்குங்கள். மோட்டார் படகு பெரிய கால்வாயோடு திரும்பிவிடும். துடுப்புப் படகுதான் சுரபுன்னைக் கிளைகளுக்குக் கீழே, குனிந்தால் மட்டும் போகக்கூடிய சந்துகளுக்குள் நுழையும். படகுக்காரர் ‘இதயக்கனி’யில் எம்.ஜி.ஆர். எந்த இடத்தில் வந்தார் என்று காட்டுவார். வேறு படகில் வேறு இடம் காட்டுவார்கள். 1975இல் வந்த படம், அலையாத்திக் காடு அதற்குப் பிறகு எவ்வளவோ வேர் விட்டுவிட்டது, யாரோடும் விவாதம் வேண்டாம். தில்லை மரத்தையும் அங்கேதான் பார்க்க வேண்டும். சிதம்பரத்துக்குத் தில்லை என்று பேர் கொடுத்த மரம் ஊருக்குள் இல்லை. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கு ஆபத்து, ஆகவே பக்தியைத் தள்ளி நின்று வைத்துக்கொள்ளவும்.

கூண்டு

ஐப்பசி, கார்த்திகையில் கடலூர் நாடு முழுக்கப் பிரபலம் ஆகிவிடும். ‘கடலூர் துறைமுகத்தில் ஒன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டது’ என்று வானொலிக் காலத்திலிருந்தே கேட்டுக் கேட்டு, ஊரைப் பார்த்திராதவர்களுக்கும் கூண்டு மனப்பாடம். வெளியூர் நண்பர்கள் போன் செய்து, “என்னப்பா, கூண்டு ஏத்திட்டாங்களாமே?” என்பார்கள். ஒன்று, இரண்டுக்கெல்லாம் கடலூர்க்காரர் தலை நிமிர மாட்டார். மூன்றுக்குப் பால் பாக்கெட் கூடுதலாக வாங்குவார். ஐந்தைத் தாண்டினால் மெழுகுவர்த்தி, ரொட்டி, மாடித் தொட்டி நிறையத் தண்ணீர். எட்டு, ஒன்பது, பத்து என்றால் பெரிய அபாயம். பதினொன்று என்று ஒரு கூண்டு இருக்கிறது. எச்சரிக்கை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்று அர்த்தம். அதற்கு மேல் எண் கிடையாது, தேவையும் இல்லை.

இந்த மாவட்டத்தின் நில அமைப்பு அப்படி. தென்பெண்ணை, கெடிலம், பரவனாறு, வெள்ளாறு, தெற்கு எல்லையில் கொள்ளிடம். யார் ஊரில் மழை பெய்தாலும் தண்ணீர் எங்கள் வழியாகத்தான் கடலுக்குப் போயாக வேண்டும். 2015 நவம்பரில் வந்தது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலுக்குப் பின் சாத்தனூர் அணையிலிருந்து ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் திறந்தபோது தென்பெண்ணை கரையைத் தாண்டி வீடுகளுக்குள் வந்தது. 2004 சுனாமிக்குக் கூண்டே ஏற்றவில்லை. தேவனாம்பட்டினத்தில் அந்த டிசம்பர் 26ஐப் பற்றி யாரும் வேடிக்கையாகப் பேசிக் கேட்டதில்லை.

ஆகவே இந்தப் பருவத்தை அனுபவிப்பதற்கான குறிப்புகள் குறைவு. பாலத்தில் நின்று வெள்ளத்தோடு படம் எடுக்கக் கூடாது. சில்வர் பீச்சில் மழைக் கோட்டோடு காற்றில் சாய்ந்து நின்று பேசும் டிவி நிருபரின் பின்னால் போய்க் கையாட்டக் கூடாது. அவருக்குப் பின்னால் ஐம்பது அடி தள்ளி ஒருவர் நிதானமாகச் சைக்கிளில் போவார், அவரைக் கவனியுங்கள். கேமரா அவரைக் கவனிப்பதில்லை. மாலை நேரத்தில் கலெக்டர் அறிவிப்புக்காகப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் டிவி முன் உட்காருவார்கள். நாளை விடுமுறை என்று வந்துவிட்டால் மழை நின்றுவிடும். மறுநாள் வெயிலில் கிரிக்கெட் விளையாடுவது எங்கள் பிள்ளைகளின் மழைக்காலம்.

இவ்வளவும் படித்துவிட்டு மார்கழித் தேருக்கு வரலாம் என்று கிளம்புகிற வெளியூர் மாநகரவாசிகளுக்கு ஒரு வார்த்தை. சிதம்பரத்தில் அறை முன்பதிவு செய்வதற்கு முன் கடலூரில் எத்தனையாம் எண் கூண்டு என்று யாரையாவது கேட்டுக்கொள்ளுங்கள். ஐந்துக்கு மேல் என்றால் ஆனிக்கு வாருங்கள். அதே தேர்தான்.